மடி கொடுக்க வந்தவன்

1

1938 ஜூன் 8, புதன்கிழமை. மதுரை, ஆரப்பாளையம், தங்கையின் வீடு.

விடியுமுன் எழுந்து ஆற்றுக்குப் போனேன். வைகையில் தண்ணீர் ஓடவில்லை. மணலில் தோண்டிய ஊற்றில் செம்பு செம்பாக மொண்டு குளித்தேன். திரும்பி வந்து சவரம் செய்துகொண்டு, நேற்றைய வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டு, கடியாரத்துக்குச் சாவி கொடுத்தேன். பிறகு தெருமுனைக் காப்பி கிளப்பில் ஒரு காப்பியும் அன்றைய பத்திரிகையும். ஈப்போவிலும் எனக்கு இதே வரிசைதான். அங்கே ஆற்றுக்குப் பதில் குழாய், காப்பி கிளப்புக்குப் பதில் சீனன் கடை.

மலாயாவில், ஈப்போ ஊரில், ஒரு ரயில் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருக்கிறேன். போய்ப் பதினெட்டு வருஷமாகிறது. நடுவில் ஒரு தடவை, 1928-இல், வந்து போனேன். இது இரண்டாவது தடவை. மனைவி சிவகாமியும் மகள் கமலாவும் கூட வந்திருக்கிறார்கள். பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், அக்கரைச் சீமை வாழ்க்கையைப் பற்றி நம்மூர் வாசகர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடும் என்று கேட்டார். வந்து மூன்று வாரமாகத் தினம் எழுத உட்காருகிறேன். அங்கே இருந்தபோது ஊரைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்ல வந்தது. இங்கே வந்த பிறகு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வருகிறது. இருக்கும் இடத்தைப் பற்றி எனக்கு எழுத வராது போலிருக்கிறது.

காப்பி கிளப்பில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், சந்தேகம் வந்தால் என் பக்கம் திரும்புவார்கள்.

"மலாயாக்காரரே, ஜப்பான்காரன் சீனாவ முழுங்கிருவான்ங்கிறானே, நெசமா?"

"முழுங்கலாம். செரிக்காது" என்றேன். "எங்க ஊரில் சீனன் கடைக்குப் போய் ஜப்பான் தீப்பெட்டி கேட்டால் கடையை விட்டே துரத்துகிறான். விற்கிற கடைக்காரன் காதை அறுத்துவிடுவோம் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்."

"அம்புட்டுக் கோவமா. இங்க ஜப்பான் சாமான்தான்ணே மலிவு."

"ஒங்க கையில கட்டியிருக்கது எந்த ஊரு கடியாரம்?" என்று கல்லாவில் இருந்தவர் கேட்டார்.

ஜப்பான் கடியாரம்தான். உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அங்க போனா காது போயிரும். கழட்டி இங்கயே வச்சுட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த செய்தி, மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைச் சர்க்கார் நிறுத்தப்போகிறது என்பது. நல்ல காரியம் என்பதே என் அபிப்பிராயம். ரப்பர் விலை ஏறினால் கப்பல் கப்பலாக ஆளைக் கூப்பிடுவதும், இறங்கினால் திருப்பி அனுப்புவதும் நான் என் கண்ணால் பார்த்தவை. இதைச் சொல்லி முடித்த உடனேயே பத்திரிகை படித்தவர் தம் மகனுக்கு அங்கே ஒரு குமாஸ்தா வேலை பார்க்க முடியுமா என்று கேட்டார். இங்கே என்னிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியில் வந்துதான் முடிகிறது. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

2

மறுநாள், வியாழக்கிழமை, என் தங்கை மகள் அழகம்மாளுக்கு வாடிப்பட்டிக் கோயிலில் காதுகுத்து. நான் லீவு எடுத்துக் கடல் தாண்டி வந்தது இதற்காகத்தான்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்பது நம் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேறு ஜில்லாக்காரர்களுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். எங்களில் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். ஒன்றில் தவறினால் மூன்று, மூன்றில் தவறினால் ஐந்து.

1928-இல் நான் கப்பலேறப் புறப்பட்டபோது தங்கை வேலம்மாளுக்கு நிறைமாதம். பிள்ளை எதுவானாலும் என் மடியில்தான் என்று ரயிலடியில் நின்று சொன்னேன். ஆவணியில் பெண் பிறந்தது. முதல் வயதில், போய்ச் சேர்ந்த சூட்டோடு மறுபடி லீவு கேட்க முடியாது. மூன்றாம் வயதில் வியாபார மந்தம். லீவில் போனவர்களின் நாற்காலி திரும்பி வரும்போது இருக்கவில்லை. ஐந்தில் லீவு கிடைத்தது, சிவகாமி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். ஏழில் என் விண்ணப்பம் மேசை மேசையாக ஏறி, நான்கு பேருடைய கையெழுத்தோடு, "இவ்வருஷம் வசதிப்படாது" என்று திரும்பி வந்தது. அந்த மேசைகளில் ஒன்று என்னுடையது. விதிப்படி என் விண்ணப்பத்துக்கு நானே குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன்.

இப்போது அழகம்மாளுக்கு ஒன்பது. ஆவணி வந்தால் பத்து. இதை விட்டால் பதினொன்று. அதற்குள் அவள் பெரியவளாகிவிட்டால் மூளிக்காதோடு சபையில் உட்கார வேண்டும். இந்த ஒன்பது வருஷமும் வேலம்மாள் வேறு யார் மடியிலும் பிள்ளையை உட்கார வைக்கவில்லை. கேட்டவர் இல்லாமல் இல்லை. எங்கள் பெரியப்பா மகன் பெரியகருப்பன், என்னைவிட மூத்தவர், இதே ஆரப்பாளையத்தில் விறகுக் கடை வைத்திருக்கிறார். முறைக்கு அவரும் மாமன்தான். ஒவ்வொரு ஒற்றைப்படை வயதிலும் அவர் வந்து, நான் மடி கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வரட்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஏழாம் வயதோடு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் வந்த அன்று வாசலில் நின்றபடி என்னைப் பார்த்துவிட்டுப் போனவர், பிறகு வரவில்லை. காதுகுத்துக்கு வெற்றிலை வைத்து அழைத்தபோதும், கடையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

3

நாகப்பட்டினத்தில் இறங்கியபோது சுங்க ஆபீஸில் ஒரு குமாஸ்தா எங்கள் பெட்டிகளைத் திறந்தார். கமலாவின் மெழுகு பொம்மையை எடுத்து உதறிப் பார்த்தார். அச்சடித்த பாரத்தை நிரப்பிக்கொண்டே, "சொந்த ஊர்?" என்றார்.

"மதுரை."

"வீட்டு விலாசம்?"

அப்பா இறந்த பிறகு வீட்டை விற்றாயிற்று. தங்கையின் விலாசத்தைச் சொன்னேன்.

"அது தங்கை வீடு. உம்முடைய வீடு?"

"இல்லை."

"அப்போ ஈப்போ விலாசம் சொல்லும்."

"அது ஆபீஸ் குவார்ட்டர்ஸ்."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு கோடு போட்டார். நானும் பாரம் நிரப்பிப் பிழைப்பவன்தான். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் கோடுதான் போட்டிருப்பேன். ஆனால் ரயிலில் வரும்போது அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நிலம் இல்லை, வீடு இல்லை, அளந்து கொடுத்தது போலக் கிடைத்த ஆறு மாத லீவு. ஊரில் என்னுடையது என்று சொல்ல மிச்சமிருந்தது ஒரு பெண் குழந்தை வந்து உட்கார வேண்டிய என் மடி மட்டும்தான். அதை எண்ணிக்கொண்டேதான் மதுரையில் இறங்கினேன்.

ஊர் மாறிவிட்டது என்று பொதுவாக எல்லோரும் எழுதுவார்கள். மாறியிருக்கிறது, நல்லதும் கெட்டதுமாக. மின்சார விளக்கு வந்திருக்கிறது. வாடிப்பட்டி சாலையில் இரண்டு பஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் முந்துவதில் சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பேசும் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பேசுவதில்லை, எல்லோரும் பாடுகிறார்கள். நம்மவர்கள் மந்திரிகளாகியும் தாலுகா ஆபீஸில் நிற்கிறவன் நின்றுகொண்டேதான் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் இந்தி வேண்டும் என்று ஒரு கூட்டம், வேண்டாம் என்று ஒரு கூட்டம். என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். என் மகள் பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் மலாய், கடையில் கொஞ்சம் சீனம், வீட்டில் அதட்டினால் தமிழ் என்று பேசுகிறாள். ஐந்தாவது ஒன்றை எங்கே வைப்பது என்று தெரியாதவனிடம் கேட்கிறீர்களே என்றேன்.

என் நாக்கும் சரியில்லை. வந்த இரண்டாம் நாள் தங்கை சோறு போடும்போது வாய் தவறிப் போதும் என்பதை மலாயில் "சுக்குப்" என்று சொல்லிவிட்டேன். அவள் சாப்பாடு முடிந்ததும் சுக்குத் தண்ணீர் போட்டு வைத்தாள். வயிறு சரியில்லையா அண்ணே என்று இரவு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. குடித்துவிட்டேன்.

4

புதன்கிழமை பகலெல்லாம் வீட்டில் மறுநாளுக்கான வேலை. வேலம்மாளும் சிவகாமியும் அடுப்படியில் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முன்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கமலாவும் அழகம்மாளும். கமலாவுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வாரத்தில் இரண்டும் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

அழகம்மாள் காலையிலேயே என்னிடம் வந்து, "மாமா, ஒங்க மடி எலும்பா இருக்குமா?" என்று கேட்டிருந்தாள். பயம் அவளுக்கு. அந்தப் பயத்தைத்தான் இப்போது கமலாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குமா?"

"இல்லே. எறும்பு கடிச்ச மாதிரி. நான் அழவே இல்லே."

"ஒனக்கு எந்தக் கோயில்ல குத்துனாக?"

"கோயிலா? கடையிலே. சீனத் தட்டான் கடை. பெரிய கண்ணாடி இருக்கும். உயரமா ஒரு நாற்காலி, அதுலே உட்காரச் சொன்னான். டக்குன்னு முடிச்சிட்டான்."

"நாற்காலில ஒன் மாமா ஒக்காந்து, நீ அவரு மடில ஒக்காந்தியா?"

"நான் மட்டும்தான் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்துலே நின்னாங்க. அப்பா ஆபீஸ் போயிட்டாங்க."

"ஒன் மாமா வரலியா?"

"மாமா வத்தலக்குண்டுலே இருக்காங்க. அங்கே எப்படி வருவாங்க?"

நான் பேனாவை வைத்துவிட்டேன். வெளியே போய்ப் பேச்சை மாற்றியிருக்கலாம். எழவில்லை.

"அப்ப மாமா வராட்டியும் குத்தலாமா?" என்று அழகம்மாள் கேட்டாள்.

"குத்தியாச்சே. பாரு" என்று கமலா தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

அழகம்மாள் ஓடினாள். குழந்தைக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்துவிட்டது. மடி எலும்பாக இருந்தாலும் பரவாயில்லை, நாற்காலி ஒன்று இருக்கிறது. அடுப்படியில் போய் அதைத்தான் சொன்னாள். முன்கட்டு வரை கேட்டது.

"யாத்தா, கமலாவுக்கு நாற்காலில வச்சே குத்தியாச்சாம். மாமாவே வரலியாம். எனக்கும் நாற்காலி போதும்த்தா."

எண்ணெயில் ஒரு முறுக்கு விழும் சத்தம் கேட்டது. பிறகு வேலம்மாளின் குரல், சாதாரணமாக: "சரி போ. போய் விளையாடு." சிவகாமி வந்து ஜன்னல் அருகில் நின்றாள். முகத்தைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

5

விளக்கு வைத்த பிறகு வேலம்மாள் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கையில் இன்னும் மாவு.

"கமலாவுக்கு எத்தன வயசுலண்ணே குத்துனீக?"

"அஞ்சுல."

"மதினி தம்பிக்கு ஒரு காயிதம் போட்டீகளா?"

"குத்தின பிறகு போட்டேன்."

"முன்னாடி?"

"இல்லை."

"நீங்க இங்க வந்திருந்தப்ப கமலா கைப்புள்ள. அப்பவே அவரு மடில வச்சிருக்கலாமே."

"அப்போ ரெண்டு வயசு நடந்தது, வேலு. இரட்டைப்படை."

"ஓ. அதெல்லாம் பாத்திருக்கீக" என்றாள்.

சிவகாமி கதவருகில் நின்றிருந்தாள். "அங்க ஸ்கூல்ல சேக்குற நேரம். எல்லாப் பிள்ளையும் கம்மல் போட்டிருந்துச்சு. இவளும் கேட்டா. என் தம்பி வரணும்னா வருசம் ஓடிரும்னு நாந்தான் சொன்னேன். அவுகளத் திட்டாத" என்றாள்.

"நான் யாரையும் திட்டல மதினி. நீங்க ஒரு நாள்ல முடிச்சுட்டீக. அது நல்ல புத்தி. எனக்குத்தான் அந்தப் புத்தி இல்லாமப் போச்சு."

என்னிடம் திரும்பினாள்.

"இவ மொட்டக்காதோட எத்தன கலியாணத்துக்குப் போயிருக்கா தெரியுமாண்ணே? மூளி, மூளின்னு பள்ளிக்கூடத்துல கூப்புடுறாங்கெ. ஒறவுக்காரிக எங்கிட்ட, ஒங்கண்ணன் கப்பல்ல வாரானா, மாட்டு வண்டில வாரானான்னு கேப்பாளுக. நான் சிரிச்சுக்கிருவேன். எங்கண்ணனுக்கு அது பெரிய விசயம், அதான் வரமுடியலன்னு ஏங்கிக்கிட்டு இருக்காகன்னு நெனைச்சேன். அங்க ஒங்களுக்கு அது நாற்காலிதான்."

பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. மந்தம், லீவு, நான்கு கையெழுத்து. எல்லாம் உண்மை. ஒன்றையும் சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய ஒன்பது வருஷத்துக்கும் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியது போல இருக்கும்.

அப்போதுதான் தங்கை புருஷன் சோலைமலை மில்லில் இருந்து வந்தார். வாடிப்பட்டிக்குப் பஸ் பேசி முடித்த சந்தோஷத்தில் வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்து நின்றார். வேலம்மாள் இரண்டு வாக்கியத்தில் அவருக்குச் சொன்னாள்.

"அடிப்பாவி. இம்புட்டுத்தானா?" என்றார். "மச்சான், காலையில எட்டு மணிக்கு பஸ் வந்து நிக்கும். தட்டாருக்கு நேரா கோயிலுக்கே வரச் சொல்லியாச்சு. கெடா கட்டியாச்சு. இப்பப் போயி மடி சரியில்லன்னா எப்புடி? சோலிய முடிச்சிட்டுப் பேசுங்க. கப்பலுக்கு இன்னும் நாளு கெடக்குல்ல, ஆற அமர சண்ட போடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் துண்டை உதறிக்கொண்டு கை கால் கழுவப் போனார்.

"இவளுக்கு முறைக்காய்ச்சல் வந்த வருசம்" என்று வேலம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "இவுக மில்லுல ராச் சிப்டு. பெரியகருப்பண்ணந்தான் தோள்ல போட்டுக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனாக. அங்கனயே இருபது நாளு கெடந்தாக. கடையப் பூட்டிப்புட்டு. திரும்பி வந்து, ஏ வேலு, இப்பவாச்சும் எம்மடில ஒக்கார வையின்னு கேட்டாக. அதுக்கும் மாட்டேன்னுட்டேன். எந்தக் கொள்ளையில போற அண்ணனுக்காகன்னு ஒரு வார்த்த கேக்கல. போயிட்டாக."

இது எனக்குத் தெரியாது. காய்ச்சல் வந்து சுகமாயிற்று என்று கடிதத்தில் ஒரு வரி வந்திருந்தது. சுகமானது பற்றிச் சந்தோஷம் என்று நானும் ஒரு வரி எழுதியிருந்தேன்.

"அப்போ அவர் மடியிலேயே வை" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபத்தில் சொல்கிறேனா என்று பார்த்தாள். கோபம் இல்லை. அலுப்பாக இருந்தது, அதோடு, எதையோ கீழே இறக்கி வைத்தது போலவும் இருந்தது.

"நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுண்ணே கேப்பேன்? நாலு தடவ தட்டுனவ. நாளைக்குக் காதுகுத்த வச்சிக்கிட்டு இன்னைக்குப் போயி வாசல்ல நின்னா காறித் துப்ப மாட்டாகளா? அதோட, ஒங்க உரிமைய நாந் தூக்கிக் குடுக்க முடியாது. ஒறவுல நாளைக்குப் பேச்சாயிரும். கூடப்பிறந்த மாமன் இருக்கையில இன்னொருத்தன் எப்புடி ஒக்காந்தான்னு அவுகளத்தான் கேப்பாக."

"நான் போய்க் கேட்டால்?"

அவள் கையில் ஒட்டியிருந்த மாவை உரித்தாள்.

"நானே வெற்றிலை வைத்துக் கேட்டால் பேச்சு வருமா?"

"வராது" என்றாள். பிறகு, "அப்ப நீங்க?" என்று கேட்டாள்.

"நான் கூட வருவேன்."

"அதுக்கா கப்பலேறி வந்தீக?"

அழகம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். நாளைக்கு நாற்காலி கிடையாது, மடிதான். விறகுக் கடை மாமா மடியில் உட்காருவாயா என்றேன்.

"விறகுக்கட மாமாவா?" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப பயமில்ல. அவுக மடில நான் தூங்கியிருக்கேன். எலும்பா இருக்காது." பிறகு என் முகத்தைப் பார்த்து, பெரிய மனுஷி போல, "ஒங்க மடியும் நல்லாத்தான் இருக்கும் மாமா" என்றாள்.

வேலம்மாள் எழுந்து போய்த் தாம்பாளத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். சாப்பாட்டின்போது எனக்கு இரண்டாம் தரம் குழம்பு ஊற்றினாள். நான் போதும் என்று தமிழில் சொன்னேன்.

கமலா மட்டும் படுக்கும் முன் வந்து, "நான் தப்பா சொல்லிட்டேனா, அப்பா?" என்று கேட்டாள். நடந்ததைத்தான் சொன்னாய் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வத்தலக்குண்டு மாமாவும் கோபமா இருப்பாரா?" என்றாள். அவர் இதுவரை கேட்கவில்லை, அதனால் தெரியாது என்று சொன்னேன். "நாம போய்க் கேட்கலாமா?" என்றாள். அடுத்த வாரம் போகலாம் என்று சொன்னேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அப்பா, மறந்துவிடுவீர்கள் என்றாள்.

6

வியாழக்கிழமை, ஜூன் 9. எழுந்ததும் ஊற்றில் குளித்துவிட்டு, சவரத்தையும் காப்பியையும் விட்டுவிட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், அழகம்மாள் அப்பா எனக்கென்று எடுத்து வைத்திருந்த புது வேட்டி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு விறகுக் கடைக்குப் போனேன். அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

பெரியகருப்பன் கட்டைகளை இனம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். மேலெல்லாம் மரத்தூள். என்னைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், வேலையை நிறுத்தவில்லை.

"என்னடா மலாயாக்காரா. விடியறதுக்குள்ள வெறகு வேணுமா?"

"இல்லண்ணே. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்."

"காதுகுத்துக்கு வரலன்னுதான் சொல்லிட்டேனே. கட இருக்கு."

"வரச் சொல்லிக் கேக்கல. பிள்ளைக்கு மடி குடுக்கணும். நீங்க."

ஒரு கட்டையை எடுத்தவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன், ஒன் மடிக்கு என்ன வந்துச்சு? கப்பல்ல ஒடைஞ்சு போச்சா?"

"இருக்கு. பிள்ளைக்குப் பழக்கமில்ல."

"வேலு அனுப்புனாளா?"

"நான் வந்தேன். அவளுக்கு ஒங்ககிட்ட வர மூஞ்சி இல்லையாம்."

"அவ மூஞ்சிக்கு என்ன. நல்லாத்தான் இருக்கா." கட்டையை அடுக்கின்மேல் வைத்தார். "ஏழு வயசுல கேட்டப்ப, அண்ணன் வந்துருவாகண்ணேன்னா. அன்னைக்கு வந்த கோவத்துல நீ இருந்தா இந்தக் கட்டையால ரெண்டு வச்சிருப்பேன். நீ இல்ல. இப்பக் கோவம் இருக்கு, ஆனா கையத் தூக்க மாட்டேங்குது."

நான் தாம்பாளத்தை நீட்டியபடி நின்றேன். கனமாக இருந்தது. அவர் அவசரப்படவில்லை.

"அப்ப நீ எங்க நிப்ப?" என்றார்.

"பக்கத்துல."

"பக்கத்துல நின்னு வேடிக்க பாக்கவா? புள்ள ரெண்டு கையவும் நீ பிடிச்சுக்க. எனக்குத் தல பிடிக்கவே சரியா இருக்கும். துள்ளுவா. ஆசுபத்திரில ஊசி போடையில நாலு பேரு பிடிச்சோம்."

கைகளை இடுப்புத் துண்டில் இரண்டு பக்கமும் துடைத்தார். போதவில்லை என்று தோன்றியது போல, மறுபடி ஒரு தடவை துடைத்துவிட்டுத் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். புது வேட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது ஒனக்கு எடுத்ததுல்ல?"

"ஆமா."

"நீளம் பத்துமா எனக்கு?"

"பத்தும்ணே."

"குளிச்சிட்டு வாரேன். இந்தத் தூளோட ஒக்காந்தா புள்ள தும்மும். பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"எட்டு."

"வாரேன். அதுவரைக்கும் கடையப் பாத்துக்க. எவனும் கடன் சொன்னா குடுக்காத. ஒன்னைப் பாத்தா எல்லாரும் கடன் சொல்லுவாங்கெ."

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அவர் உட்காரும் பலகையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் ஓர் அம்மாள் வந்து ஒரு தூக்கு விறகு கேட்டாள். எழுந்து தராசை இறக்கினேன். எடைக்கல்லை எந்தத் தட்டில் வைப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கையில், "நீங்க தள்ளிக்கங்க, நானே நிறுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவளே கட்டைகளை எடுத்து வைத்தாள். நான் தட்டு ஆடாமல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன்.